தாத்தாவின் பாக்கெட் கடிகாரம்

(திருவனந்தபுரம் கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஒரு மணி நேரம் பேசலாம் என்று காரியதரிசி சொன்னார். விஷயமே கடிகாரம் என்பதால் அதற்கு முன்னாலேயே முடித்துவிடுகிறேன்.

நாற்பது வருஷமாகப் பழைய ஸ்விஸ் பாக்கெட் கடிகாரங்களைச் சேர்த்து வருகிறேன். இப்போது 26 இருக்கின்றன. "ஒவ்வொன்றும் எத்தனை லட்சம் பெறும்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. ஹென்றி கிரேவ்ஸ் என்ற அமெரிக்கப் பணக்காரருக்காக படேக் ஃபிலிப் செய்த பாக்கெட் கடிகாரம் 2014-இல் ஜெனீவாவில் சுமார் 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு ஏலம் போனது உண்மைதான். அந்த உலகம் வேறு. காந்திஜியின் இடுப்பில் தொங்கியது ஸெனித் கம்பெனியின் சாதாரண வெள்ளிக் கடிகாரம். 2009-இல் நியூயார்க்கில் அவருடைய கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு ஆகியவற்றோடு சேர்த்து 18 லட்சம் டாலருக்குப் போயிற்று. அந்த விலை கடிகாரத்துக்கு இல்லை என்பது நமக்குத் தெரியும். நான் பேச வந்தது நம் தாத்தாக்கள் கோட்டுப் பையில் சங்கிலியோடு வைத்திருந்த கடிகாரங்களைப் பற்றி.

ஸ்விட்சர்லாந்துக்கு இந்தத் தொழில் வந்த கதையில் மதமும் பனியும் கலந்திருக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டில் ஜெனீவாவில் கால்வின் என்ற மத சீர்திருத்தவாதி ஆடம்பர நகைகளுக்குத் தடை போட்டார். நகை செய்து வந்த பொற்கொல்லர்கள் கடிகாரத்துக்கு மாறினார்கள். பிரான்சிலிருந்து மதக் கலவரத்துக்குப் பயந்து ஓடிவந்த கைவினைஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு தொழில் மலைப் பகுதிகளுக்குப் பரவியது. அங்கே பனிக்காலத்தில் விவசாயிக்கு வயலில் வேலை கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு வீட்டில் பல்சக்கரம், அடுத்த வீட்டில் முள், வேறொரு வீட்டில் ஸ்பிரிங் என்று செய்தார்கள். நம்முடைய கிராமங்களில் ஓர் அகத்தில் அப்பளம், அடுத்த அகத்தில் வடாம் என்று செய்ததைப் போலத்தான். லா ஷோ-த-ஃபோன் என்ற ஊரையே ஒரே பெரிய கடிகாரத் தொழிற்சாலை என்று கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் எழுதியிருக்கிறார். நம் ஊரில் அந்தப் புத்தகத்தை அலமாரியில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். இந்தப் பக்கத்தைப் படித்தவர் எத்தனை பேரோ!

1876-இல் பிலடெல்பியா பொருட்காட்சிக்குப் போன லாஞ்ஜின் கம்பெனியின் எஞ்சினியர் ஜாக் டேவிட், அமெரிக்கர்கள் இயந்திரத்தால் கடிகாரம் செய்வதைப் பார்த்து அதிர்ந்து போனார். வால்தம், எல்ஜின் தொழிற்சாலைகளைப் பற்றி விரிவான அறிக்கை எழுதினார். ஸ்விஸ்காரர்கள் விழித்துக்கொண்டு யந்திரங்களைப் புகுத்தியது அதன் பிறகுதான்.

நம்மவர்கள் அகங்களில் நான் அதிகம் பார்த்தது 'வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி, பம்பாய் - கல்கத்தா' என்று டயலில் எழுதியவை. பெயரைப் பார்த்து லண்டன் கம்பெனி என்று நினைக்கிறார்கள். அது ஸேன்ட் இமியே என்ற ஸ்விஸ் ஊரைச் சேர்ந்தவர்கள் நம் நாட்டுச் சந்தைக்காகவே நடத்திய கம்பெனி. அவர்கள் விற்ற பல கடிகாரங்களின் உள்ளே இருப்பது அதே ஊர் லாஞ்ஜின் இயந்திரம். 'ஸோவார்' என்பது அவர்களுடைய பிரபலமான மாடல். குதிரை வீரன் என்று அர்த்தம். நம் 'சவாரி'க்கும் அதற்கும் வேர் ஒன்றுதான்.

இன்னொரு வகை ரோஸ்கோஃப். ஜார்ஜ் ஃப்ரெடரிக் ரோஸ்கோஃப் ஜெர்மனியில் பிறந்து லா ஷோ-த-ஃபோனில் குடியேறியவர். கூலித் தொழிலாளியும் வாங்கக்கூடிய நல்ல கடிகாரத்தை 20 ஃபிராங்குக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய வைராக்கியம். நடுச்சக்கரத்தை எடுத்துவிட்டு, ஸ்பிரிங் இருக்கும் டிரம்மைப் பெரிதாக்கி, கற்களுக்குப் பதில் எஃகுக் குச்சிகளை வைத்து, 57 பாகங்களில் முடித்தார். 1867-இல் பாரிஸ் பொருட்காட்சியில் பதக்கமும் கிடைத்தது. ஸ்விட்சர்லாந்தில் 1888 வரை பேடன்ட் சட்டமே கிடையாது. ஆளாளுக்குக் காப்பியடித்தார்கள். கடைசியில் போர்ச்சுக்கீசிய மொழியில் அவர் பெயரே 'மட்டமான சாமான்' என்று அர்த்தமாகிவிட்டது. ஏழைக்காக உழைத்தவருக்குக் கிடைத்த பரிசு!

சரி, உங்கள் அகத்துப் பெட்டியில் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் மூடியைத் திறந்தால் உள்ளே இன்னொரு மூடி இருக்கும். அதில் பிரெஞ்சில் ஏதோ செதுக்கியிருக்கும். ஓர் அன்பர் "இது ரெமோந்துவார் கம்பெனி" என்று பெருமையாகச் சொன்னார். அது கம்பெனியே அல்ல. தனிச் சாவி இல்லாமல் தலைக்குமிழைத் திருகியே சாவி கொடுக்கலாம் என்று அர்த்தம். 'ஆங்க்ர்' என்றால் நங்கூர வடிவ லீவர், 'ரூபி' என்றால் கல். கரடி முத்திரை இருந்தால் வெள்ளி, ஆயிரத்துக்கு 875 பங்கு. காட்டுக்கோழி என்றால் 800. மூன்று கரடிகள் என்றால் 935. பெண் தலை 18 காரட் தங்கம், அணில் 14 காரட். அதற்கும் உள்ளே இயந்திரத்தில் ஓர் எண் இருக்கும். லாஞ்ஜின் பழைய பேரேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. எண்ணை எழுதி அனுப்பினால் கடிகாரம் எந்த வருஷம், யாருக்கு அனுப்பப்பட்டது என்று தேடிச் சொல்வார்கள்.

இப்போது மனசை வருத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் பழைய அகங்கள் கைமாறுகின்றன. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். பெட்டியைக் காலி செய்யும்போது கடிகாரம் நகைக்கடைத் தராசுக்குப் போகிறது. சில வருஷங்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்த குடும்பத்தில் கொள்ளுத்தாத்தாவின் தங்கக் கடிகாரத்தை அப்படித்தான் விற்றார்கள். கூட்டை உருக்கிவிட்டு, இயந்திரத்தைக் காகிதத்தில் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். "உங்களுக்கு உபயோகப்படுமா?" என்று என்னிடம் கொண்டு வந்தார்கள். 15 கல் வைத்த லாஞ்ஜின். சுத்தம் செய்து எண்ணெய் விட்டதும் ஓட ஆரம்பித்தது. அந்தக் கூட்டின் உட்புறம் என்ன எழுதியிருந்தது, பரிசாக வந்ததா, கல்யாணத்தில் போட்டதா, இனி ஒருவராலும் சொல்ல முடியாது. தங்கத்துக்குக் கிடைத்த பணம் ஒரு பிளம்பிங் செலவுக்குச் சரியாகப் போயிற்றாம்.

பௌதிகம் படித்தவன் என்பதால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கடிகாரங்கள் விநாடிக்கு 5 முறை, நாளைக்கு 4,32,000 முறை துடிக்கின்றன. உஷ்ணம் ஏறினால் எஃகு ஹேர் ஸ்பிரிங் தளர்ந்து, ஒரு டிகிரிக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 விநாடி தாமதமாகும். இதைச் சமாளிக்க பேலன்ஸ் சக்கரத்தின் விளிம்பை வெளியே பித்தளை, உள்ளே எஃகு என்று இரண்டு அடுக்காகச் செய்து, இரண்டு இடத்தில் வெட்டி விட்டார்கள். உஷ்ணத்தில் நுனிகள் உட்பக்கம் வளையும், வேகம் கூடிக் கணக்கு சரியாகும். ஃப்ளூரியே என்ற ஊரில் கடிகாரக் குடும்பத்தில் பிறந்த ஷார்ல் கியோம், உஷ்ணத்துக்கு அசையாத நிக்கல் கலப்பு உலோகங்களைக் கண்டுபிடித்து 1920-இல் பௌதிக நோபல் பரிசு வாங்கினார்.

நம் ஊரில் உஷ்ணத்தைவிட ஈரம்தான் சத்ரு. இடவப்பாதி மழை தொடங்கினால் எஃகு துருப்பிடிக்கும். பட்டுத் துணியில் சுற்றிப் பூஜை அலமாரியில் வைக்காதீர்கள். கற்பூரப் புகையும் ஆகாது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். பல வருஷம் தூங்கிய கடிகாரத்துக்கு ஆசையாகச் சாவி கொடுக்காதீர்கள். காய்ந்த எண்ணெய் உலோகத்தை அராவிவிடும். பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் குறைந்து வருகின்றன. எனக்கு வேலை செய்து கொடுத்தவர்களில் இருவர் காலமாகிவிட்டார்கள், ஒருவருக்குக் கண் தெரியவில்லை.

வெளியூர் அங்கத்தினர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பளபளவென்று ரயில் எஞ்சின் வரைந்து, பெரிய கம்பெனிப் பெயர் எழுதி நடைபாதையில் விற்பதை 'ஆன்டிக்' என்று வாங்காதீர்கள். பழைய எனாமல் டயலில் மயிரிழை விரிசல் இருந்தால் குறையில்லை. புது பெயின்ட்தான் குறை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு யாராவது கடிகாரம் கொண்டு வந்தால், பூதக்கண்ணாடியும் மூடி திறக்கும் கத்தியும் நான் கொண்டு வருகிறேன். எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்.