வாழைமரத் தாள்

(மதுரைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

  

பணத்தாள் வெறுந்தாள் அன்று. ஓர் அரசு மக்களுக்கு எழுதித் தரும் உறுதிமொழி. அது பொய்த்தால் உழைப்பவன் வயிறு என்ன பாடுபடும் என்பதை மலையாத் தமிழர் மூன்றரை ஆண்டு பட்டறிந்தனர்.

மதுரை, இராமநாதபுரம் வட்டாரங்களின் வானம்பார்த்த நிலங்கள் வறண்டபோது, கங்காணி சொல்லை நம்பிக் கப்பலேறியோர் பலர். அவர்கள் அங்கே பால்மரம் வெட்டினர். இங்கே அவர்தம் பணவிடையால் அடுப்பெரிந்தது. 1942 பிப்பிரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பணமும் மடலும் ஒருசேர நின்றன.

சப்பானியர் தம் தாளை வெளியிட்டனர். 10 வெள்ளித் தாளில் வாழைமரம் பொறித்திருந்தமையின் மக்கள் அதனை வாழைமரத் தாள் என்றனர். கேட்டவுடன் தருவதாக அதில் உறுதி கூறப்பட்டிருந்தது. உறுதி கூறியவன் சப்பானியன். கூறிய மொழி ஆங்கிலம். நம்பி ஏந்தியவர் தமிழரும் மலாயரும் சீனரும்! தொடக்கத்தில் வரிசையெண் இருந்தது. பின்னர் அதுவும் ஒழிந்தது. வேண்டியபோதெல்லாம் அச்சடித்தனர். மலையாவோ பருமா, சயாம் அரிசியை நம்பிய நாடு. அரிசி வரத்துக் குறைந்தது, தாள் பெருகியது. போருக்கு முன் ஏறத்தாழ 5 வெள்ளிக்கு விற்ற 60 கிலோ அரிசி, 1945 நடுவில் சிங்கப்பூரில் 5,000 வெள்ளியாயிற்று. ஆயிரம் மடங்கு!

கூலி அவ்வாறு ஏறவில்லை. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று; கோணியே உடையாயிற்று. இரப்பர் வாங்குவாரின்றித் தோட்டங்கள் ஓய்ந்தன. வேலையற்ற தமிழரைச் சயாம்–பருமா இருப்புப்பாதைக்குக் கொண்டு சென்றனர். 415 கிலோமீட்டர் பாதை; பசியாலும் வாந்திபேதியாலும் பல்லாயிரவர் காட்டிலேயே மாண்டனர்.

1945-இல் சப்பான் பணிந்தது. மீண்டு வந்த ஆங்கிலேயர் அத்தாள் செல்லாது என்றனர். தலையணையடியில் சேர்த்தது ஒரே நாளில் குப்பையாயிற்று.

போர்க்காலத்தில் இங்கும் பருமா அரிசி நின்றது, விலை ஏறியது, பங்கீடு வந்தது. ஆயினும் கைத்தாள் செல்லாக்காசாகவில்லை. மலையாத் தமிழன் கூலியையும் இழந்தான். அவன் சார்பில் கணக்குக் கேட்கவும் எவருமிலர். தனக்கென வாய்திறக்கும் அரசில்லாத இனத்திற்குப் பிறர் தரும் உறுதிமொழி வாழைமரத் தாளே!

வைகைக் கரை ஊர்களில் மலையா சென்று மீளாதோரின் வழியினர் இன்றும் உளர். இல்லந்தோறும் சென்று அவர்தம் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். பெயரேனும் செல்லாக்காசாகாதிருக்கட்டும்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழினம்!