சித்திரத்துக்கு ஓர் அரைமணி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சித்திரம் எழுதும் பழக்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு செயலாளர் பணித்துள்ளார். கணக்கேடு எழுதும் குமாஸ்தாவுக்கும் சித்திரத்துக்கும் என்ன உறவு என்று சிலர் புன்னகை புரியலாம். அன்றாடப் பதிவை அன்றன்றே எழுதாவிடில் மாதக் கடைசியில் என்ன ஆகும் என்பதை ரயில்வேக்காரர்களாகிய நாம் நன்கு அறிவோம். சித்திரமும் அப்படியே.

நம் குவார்ட்டர்ஸில் குழந்தைகளுள்ள வீடுதோறும் ஒரு வர்ணப் பெட்டி இருக்கிறது. சம்பள நாளன்று வாங்கியது. ஒரு வாரம் குதூகலம். பிறகு அலமாரியின் மேல்தட்டில் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. கேட்டால், "மனம் வரவில்லை" என்கிறோம். நம் வீட்டுப் பெண்மணிகள் மனத்துக்காகக் காத்திருப்பதில்லை. விடியற்காலையில் வாசல் தெளித்துப் புள்ளி வைக்கிறார்கள். புள்ளியைத் தொடர்ந்து கோலம் வருகிறது. இவ்விஷயத்தில் அவர்களே நமக்கு ஆசிரியர்கள்.

இனி, இந்த வங்க நாட்டின் பெரியார் ஒருவரைப் பார்ப்போம். நந்தலால் போஸ் 1882-ஆம் ஆண்டில் கரக்பூரில் பிறந்தவர். நமது கரக்பூர் என்று பெருமை கொள்ள வேண்டாம். அது பீகாரில் முங்கேர் ஜில்லாவிலுள்ள வேறொரு கரக்பூர்! 1938-இல் ஹரிபுரா காங்கிரஸுக்காக மேளக்காரர், தையற்காரர் முதலான எளிய மக்களைத் தீட்டியவர். மாணாக்கர்களுடன் நம் அரசியல் சாசனத்தின் மூலப் பிரதியை அணிசெய்தவர். அத்தகையவர், கண்ட காட்சிகளைத் தபால் கார்டு அளவுள்ள சிறு அட்டைகளில் வரைந்து நண்பர்களுக்கும் மாணாக்கர்களுக்கும் அனுப்பி வந்தார். பெரிய காகிதம் நம்மை அச்சுறுத்தும், கார்டு அச்சுறுத்தாது. நமக்கும் அந்த அளவே போதும்.

ஷிப்டு மாறுகிறவர்கள் கடிகாரத்தை நம்புவதற்கில்லை. ஆகவே நாள்தோறும் தவறாத ஒரு காரியத்தோடு சித்திரத்தைப் பிணைத்துக்கொள்வோம். டியூட்டி முடிந்து வந்து காப்பி அருந்தியதும் அரைமணி என்று வைத்துக்கொள்ளலாம். தூரிகை, தண்ணீர்க் கிண்ணம், கந்தைத் துணி எல்லாம் ஒரே தாம்பாளத்தில் தயாராக இருக்கட்டும். தேடுவதிலேயே பாதி ஊக்கம் போய்விடுகிறது.

கண்ணெதிரே உள்ளதை வரைவோம். காப்பி பில்டர் போதும், கைலாசம் வேண்டாம். நீர்வர்ணத்தில் மங்கலானது முன்னே, அழுத்தமானது பின்னே. காகிதத்தின் வெண்மையே நமக்கு வெள்ளை. முதற்பூச்சு உலருமுன் அடுத்ததை இட்டால் இரண்டும் கலந்து சேறாகும். இவ்வூர் மழைக்காலத்திலோ உலர வெகுநேரமாகும். அவ்விடைவேளையில் நாளைய அட்டைக்குப் பென்சில் கோடு இட்டுவிடலாம். வெற்றுக் காகிதத்தின் முன் அமருவதைக் காட்டிலும், நேற்றே தொடங்கிய வேலையின் முன் அமருவது எளிது. இதுவே பழக்கத்தின் சூட்சுமம் என்பது நம் கருத்து.

உயர்ந்த வர்ணம் வாங்க வசதியில்லை என்போருக்கு, பக்கத்து பாங்குரா ஜில்லாவில் பிறந்த ஜாமினி ராயைக் காட்டுவோம். மண்ணும், விளக்குக் கரியும், புளியங்கொட்டைப் பசையும் அவருக்குப் போதுமாயிருந்தன.

அட்டையின் பின்புறம் தேதி குறித்து அடுக்கி வைப்போம். நன்றா, தீதா என்று அன்றே தீர்ப்புக் கூறலாகாது, கிழிக்கவும் கூடாது.

இவ்வளவும் எதற்கு? இந்த வீடுகள் நமக்குச் சொந்தமல்ல. ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகிறோம். இங்கே பிறந்த நம் குழந்தைகளுக்கோ இதுவே சொந்த ஊர். கொல்லை முருங்கையும், யார்டு விளக்கும், திண்ணையில் காயும் வடகமும் நாளை அவர்களுக்கு ஏது? கைப்பேசியில் படம் பிடிக்கலாமே என்பீர்கள். பிடிக்கலாம், அது ஒரு நொடி. அரைமணி உற்று நோக்கிய பிள்ளைக்கே அம்முருங்கை எப்பக்கம் சாய்ந்திருந்தது என்பது மறவாது.

நம் வாசகசாலையின் கிழக்குச் சுவரில் கயிறு கட்டித் தரச் செயலாளர் இசைந்துள்ளார். பொங்கலுக்குள் வீட்டுக்குப் பத்து அட்டைகளேனும் வந்து சேரவேண்டும். பெரியவர்களுக்கும் விலக்கில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்து கோலாட்டம் இருக்கிறது.