மஞ்சள் தாளும் மாற்றார் யோசனையும்

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக நம் நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. வரலாறும் இலக்கியமும் கற்பிப்போர் ஒருவாறு பேசியே சமாளித்தனர். விஞ்ஞான ஆசிரியர் நிலை வேறு. சோதனைச்சாலை பூட்டிக் கிடக்க, கைபேசித் திரையைப் பார்த்து அமிலம், காரம் என்று எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பது? கலைப் பாடம் பயின்ற நமக்கே அவர்கள் சங்கடம் விளங்கிற்று.

தில்லியில் நம் அண்டை வீட்டு அம்மையார் அரசுப் பள்ளி விஞ்ஞான ஆசிரியை. லிட்மஸ் தாளுக்குப் பதிலாக, மஞ்சள் தூளை நீரிற் குழைத்து வெள்ளைத் தாளில் தடவி உலர்த்தினார். சலவைச் சோப்பு நீர் பட்டதும் தாள் சிவந்தது. எலுமிச்சைச் சாறு விட, மீண்டும் மஞ்சளாயிற்று. நேரில் கண்ட நமக்கு வியப்பு. திரையிற் கண்ட மாணவர்களுக்கோ எல்லாம் ஒரே மங்கல். அன்றிரவு வேறொரு பள்ளி ஆசிரியையிடம் தொலைபேசியில் அழாக்குறையாக முறையிட்டார். "நீங்கள் ஏன் செய்து காட்டுகிறீர்கள்? பிள்ளைகளையே அடுக்களையில் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் கேள்வி மட்டும் கேளுங்கள்" என்றார் அவர்.

அவ்வாறே நடந்தது. ஆனால் ஒரு சிறுமி சோப்புக்குப் பதிலாக ஷாம்பு விட்டுப் பார்த்தாள், தாள் சிவக்கவில்லை. ஏன் என்று கேட்டாள். அம்மையாருக்கு விடை தெரியவில்லை. தெரியாததை மறைத்துப் பேசாமல், நாளை சொல்கிறேன் என்றார். மாலையில் நண்பர் நால்வரை விசாரித்தார். சலவைச் சோப்பு காரத்தன்மை உடையது. ஷாம்புகள் பெரும்பாலும் நடுநிலையாகவோ சிறிது அமிலமாகவோ இருக்கும் என்ற விளக்கம் ஒருவரிடமிருந்து வந்தது.

இவ்வழக்கம் புதிதன்று. மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் எனப்படும் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972-ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு விஞ்ஞானக் கல்வித் திட்டம் தொடங்கிற்று. 2002 வரை அது நடந்தது. நெட்டுருவை விடுத்துப் பிள்ளைகள் தம் கையாலேயே சோதனை செய்வது அதன் நெறி. ஆசிரியர்கள் மாதந்தோறும் ஓரிடத்திற் கூடி, வகுப்பில் கைகூடாத சோதனைகளையும் விடை கிட்டாத ஐயங்களையும் எடுத்துரைத்தனர். தோல்வியைச் சொல்வதற்கென்றே ஒரு கூட்டம்! நம் அலுவலகங்களில் அப்படி ஒன்று இருந்ததாக நினைவில்லை. மொழிபெயர்ப்பாளராகிய நாமும் ஒரு சொல் அகப்படாதபோது, அதை அடுத்த மேசைக்காரரிடம் கேட்க ஒரு வாரம் தயங்குகிறோம்.

கைபேசியே இல்லாத பிள்ளைகளை என் செய்வது என்பதற்கு நண்பர் குழுவில் எவரிடமும் முழு விடை இல்லை. பாடநூலும் உணவுப் பொருளும் வாங்கப் பள்ளிக்கு வந்த பெற்றோரிடம், சோதனையின் விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பலாம் என்றார் ஒருவர். சில வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. பல வீடுகளுக்குச் சேரவில்லை. வராத பெற்றோரின் பிள்ளைகளைப் பற்றி அம்மையார் இன்றும் மனம் நொந்தே பேசுகிறார்.

பள்ளி மீண்டும் திறந்தபோது, அவ்வாறு தாள் பெற்ற ஒரு பையன் தன் மஞ்சள் தாளைப் பத்திரமாகக் கொண்டுவந்தான். சன்னலில் வெயில் படும்படி மாட்டிவைத்திருந்தானாம். நிறம் வெளுத்துப் போயிருந்தது. சோப்பும் படவில்லை, எலுமிச்சையும் படவில்லையே, பின் ஏன் வெளுத்தது என்று கேட்டான். அம்மையார் அக்கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அன்று மாலை மறுபடியும் நண்பர்களைத் தொலைபேசியில் அழைத்தார்.