சாம்பல் மேடுகள் சொல்லும் சாட்சி
(பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"தாவரவியல் படிச்சவனுக்குத் தொல்லியல்ல என்னய்யா வேலை?" என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. தொல்லியல் என்றால் கல்வெட்டு, காசு, பானையோடு என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. அந்தக் காலத்து மனிதன் எந்தப் புல்வெளியில் மாடு மேய்த்தான், எந்த மரத்தை வெட்டினான், மழை பொய்த்த வருஷம் எதைத் தின்றான் என்று கேட்டால், கல்வெட்டு வாய் திறக்காது. மண்தான் பேசும். மண் பேசுவதைக் கேட்கத் தாவரவியலும் வேதியியலும் விலங்கியலும் வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன்.

கர்நாடகத்தில் பல்லாரி, ராய்ச்சூர் பக்கமும், அதை ஒட்டிய தெலங்கானா, ஆந்திரப் பகுதிகளிலும் நூற்றுக்கும் மேற்பட்ட சாம்பல் மேடுகள் இருக்கின்றன. பல்லாரியிலிருந்து ஹொசப்பேட்டை போகிற சாலையில் குடத்தினி என்கிற ஊரில் உள்ள மேடு ஒரு மாடி வீட்டைவிட உயரம். ஹம்பிக்குப் பக்கத்தில் நிம்பாபுரத்தில் இருக்கும் மேட்டை, ராமன் கொன்ற வாலியை எரித்த இடம் என்று ஊர் மக்கள் சொல்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவற்றைப் பார்த்தவர்களோ எரிமலைக் குழம்பா, பிணம் எரித்த சாம்பலா, உலைக் கசடா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்கருவியைக் கண்டெடுத்தாரே ராபர்ட் புரூஸ் ஃபூட், அவர்தான் இது மாட்டுச் சாணமாக இருக்கும் என்று ஊகித்தார். அவர் சேர்த்த பொருள்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன.

ஊகம் வேறு, நிரூபணம் வேறு அல்லவா? 1957-இல் ரேமண்ட் ஆல்சின் உட்னூரில் தோண்டினார். மரக்கம்பங்கள் நட்டு அடைத்த பட்டியின் தடமும், மாட்டுக் குளம்புகளின் தடமும் கிடைத்தன. லண்டனில் சாய்னர் என்ற அறிஞர் குடத்தினிச் சாம்பலைச் சோதித்து, 1960-இல் அது சாணச் சாம்பல்தான் என்று எழுதினார். புல் தன் உடம்பில் மணற்சத்தைச் சேர்த்துவைக்கும். மாடு தின்றாலும், சாணம் எரிந்தாலும் அந்த நுண்துகள் அழிவதில்லை. சூடு மிகுந்தால் உருகிக் கண்ணாடிக் கசடாகிவிடும். இன்னொரு தடயமும் உண்டு. மேயும் விலங்கின் குடலில் உருவாகும் சுண்ணாம்பு உருண்டைகள் சாணத்தோடு வெளியே வரும், நுண்ணோக்கியில் தெரியும். கடும் தீயில் அவை அழிந்துவிடும். ஆகவே எந்த அடுக்கு எவ்வளவு சூட்டில் எரிந்தது என்பதற்கும் அது ஒரு துப்பு. வேதியியல் படிக்கிற தம்பிமார்களே, இதெல்லாம் உங்க பாடம்தானே!

சரி, மாடு வளர்த்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? தோண்டிய மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் கருகிய விதைகள் மேலே மிதக்கும். நுண்ணிய சல்லடையில் வடித்து, நிழலில் உலர்த்திப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான் சங்கதி. டோரியன் ஃபுல்லர், ரவி கோரிசெட்டர் ஆகியோர் இப்படிச் சலித்தபோது கொள்ளு, பாசிப்பயறு, கன்னடத்தில் கொரலே என்கிற சிறுதானியம் எல்லாம் வந்தன. ஏறத்தாழ 4000 வருஷத்துக்கு முந்தைய தட்டு! மழை குறைந்த பூமிக்குத் தோதான பயிர்கள். கோதுமையும் பார்லியும் வேறு பக்கமிருந்து வந்து சேர்ந்தவை. நம் திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் 1960-களில் நடந்த அகழாய்விலும் கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. வீட்டில் கொள்ளு ரசம் வைக்கும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

அடுப்புக்கரியையும் சும்மா விடுவதில்லை. அதை உடைத்து வெட்டுமுகத்தைப் பார்த்தால் எந்த வகை மரம் என்று தெரியும். அடுக்கடுக்காக ஒப்பிட்டால் அந்த ஊரைச் சுற்றியிருந்த காடு எப்படி மாறியது என்று புரியும். மாட்டுப் பல்லின் வேதியியல் அது தின்ற புல்லின் வகையைச் சொல்லும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது. எருவாகிற சாணத்தை ஏன் குவித்து எரித்தார்கள்? ஆல்சின் அதைச் சடங்கு நெருப்பாகக் கருதி, இன்றைய பொங்கல், ஹோலி நெருப்போடு ஒப்பிட்டார். புதிஹாலில் தோண்டிய பத்தய்யா, பட்டியைச் சுத்தம் செய்து குப்பையை எரித்ததாகப் பார்த்தார். பிற்பாடு மேடு எழுப்பும் வழக்கம் நின்றுபோனது. மழை குறைந்ததாலா, மேய்ச்சல் தேய்ந்ததாலா, உழவு பெருகியதாலா? "பருவநிலை மாறிச்சு, மக்கள் போயிட்டாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சுலபம். விதை, கரி, எலும்பு, சாம்பல் நான்கும் ஒரே திசையைக் காட்டினால்தான் நாம் வாய் திறக்கலாம். சுற்றுச்சூழலைப் பற்றி இன்று எல்லோரும் பேசுகிறோம். பேச்சுக்குச் சாட்சி வேண்டாமா?

அந்தச் சாட்சி கரைந்துகொண்டிருக்கிறது என்பதுதான் என் கவலை. சாம்பல் நல்ல உரம் என்று விவசாயிகள் வண்டி வண்டியாக அள்ளிப்போய் வயலில் கொட்டியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 4000 வருஷத்து எரு பயிருக்குப் போகிறது, அவ்வளவுதான். அதன் அருமையை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல நாம் போகவில்லையே! கல்குவாரிகளும் சில இடங்களில் நெருங்கிவிட்டன. நம் பக்கத்திலும் எங்கே தோண்டினாலும், பானையை எடுத்து வைத்துக்கொண்டு மண்ணை வெளியே கொட்டிவிட்டால், பாதி வரலாற்றைக் கொட்டியதாகவே அர்த்தம்.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். கருகிய விதை கையில் கிடைத்தால், இன்றைய விதையோடு ஒப்பிட்டால்தான் இன்னதென்று சொல்லமுடியும். சாமை, தினை, வரகு, கொள்ளு, பயறு, களைப்புல் விதைகள், நம் ஊர் மரங்களின் கரித்துண்டுகள் இவற்றைப் பெயரெழுதிச் சேர்த்துவைக்கத் தாவரவியல் துறையில் ஓர் அலமாரியும் ஒரு நல்ல நுண்ணோக்கியும் போதும். செலவு பெரிதில்லை. பழைய மாணவர்கள் நாம் வாங்கிக் கொடுப்போம். சேகரிக்கும் வேலையைத் தம்பி தங்கைகள் எடுத்துக்கொள்ளட்டும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது பாட்டியிடம் கேட்டு, ஆளுக்கு ஒரு பிடி விதை கொண்டுவாருங்கள். எந்த விதை எந்த மண்ணில், எந்த மழைக்கு விளையும் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த விவரம் விதையைவிட உசத்தி.