நானாவின் கொப்பி

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசியவர்கள் இந்தப் பள்ளிக்கூடத்துக்குள் படித்ததைப் பற்றிச் சொன்னார்கள். நான் இங்கே வந்து சேர்ந்த விதத்தைச் சொல்லப் போகிறேன். செயலாளர் தங்கச்சி பத்து நிமிடம்தான் தந்திருக்கிறா.

என் ஊர் ஆரையம்பதி. அங்கிருந்து ரவுணுக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர். எண்பதுகளில் காலை பஸ் வந்தால் வரும். வந்தாலும் கதவில் தொங்குகிறவர்களைத் தாண்டி ஏற ஏலாது. ஆறாம் வகுப்பில் முதல் மாதமே நான் பல நாள் பிந்தினேன். அப்பா தன்னுடைய பழைய ராலி சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டு என்னிடம் தந்தார். ஆம்பிளைச் சைக்கிள். பாருக்கு மேலால் கால் எட்டாது. பாருக்குக் கீழால் ஒரு காலை விட்டு, உடம்பை ஒரு பக்கம் சரித்து, அப்படித்தான் ஓடப் பழகினேன். அம்மம்மா வாசலில் நின்று, "விழுந்து காலக் கையை முறிச்சா உன்னை ஆர் கா கட்டுவான்?" என்று கேட்டா. "பஸ்ஸில தொங்கி விழுந்தா மட்டும் முறியாதா?" என்றார் அப்பா. அதோடு கதை முடிந்தது.

பெண்பிள்ளைகளுக்கான சைக்கிள் பிறகுதான் வந்தது. அதற்குச் செயின் கவர் இருந்தது. வெள்ளைச் சட்டையில் கிறீஸ் பட்டால் என்ன பாடு என்பது இங்கே இருக்கிற தாய்மாருக்குத் தெரியும்.

ஆரையம்பதியில் நாலு பேராகப் புறப்படுவோம். காத்தான்குடி, நாவற்குடா தாண்டிக் கல்லடிக்கு வரும்போது பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிடுவோம். பிறகு பாலம். 1924இல் கட்டியது. ஆளுநர் மனிங்கின் மனைவியுடைய பெயரை வைத்தார்கள். இரும்புப் பாலம், ஒரு வாகனம் போகிற அகலம். எதிரே லொறி ஏறிவிட்டால் கரையில் கால் ஊன்றி நிற்க வேண்டும். பிந்துகிறோமே என்று வயிறு கலங்கும். ஆனாலும் வாவியைப் பார்க்க நேரம் கிடைத்தது அப்போதுதான். கச்சான் காலத்தில் போகும்போது காற்று முகத்தில் அடிக்கும். மத்தியானம் திரும்பும்போது முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். மீன் பாடுகிறதா என்று வெளியூரார் கேட்பார்கள். மணி அடித்த பிறகு எங்களுக்கு எந்த மீனும் பாடியதில்லை.

பாலம் கடந்தால் ரவுண் முழுக்கச் சைக்கிள். 1814இல் மெதடிஸ்த மிஷனாரி வில்லியம் ஓல்ட் வந்து தொடக்கி வைத்த நாளிலிருந்து பள்ளிக்கூடங்களால் வளர்ந்த ஊர் இது. மத்திய கல்லூரிப் பெடியன்களும் மிக்கேல் பெடியன்களும் புளியந்தீவுக்குள் கிறுகிப் போவார்கள். இரண்டு கையையும் விட்டு ஓடிக் காட்டுவார்கள். நாங்கள் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டு வருவோம்.

படுவான்கரைப் பிள்ளைகளின் பாடு வேறு. கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து வந்த என் வகுப்புத் தோழி மண்முனைத் துறையில் சைக்கிளோடு பாதையில் ஏறி வாவியைக் கடந்து வருவாள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: எங்கள் ஊரில் பாதை என்றால் ரோட்டு மட்டுமில்லை, ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற மிதவைக்கும் அதுதான் பெயர். பாதை அக்கரையில் நின்றால் காத்திருக்க வேண்டும். மண்முனையில் பாலம் திறந்தது 2014இல். அதற்குள் அவளுடைய மகள் படித்து முடித்துவிட்டாள்.

இப்போது நான் சொல்ல வந்த ஆளிடம் வருகிறேன். காத்தான்குடியில் மெயின் வீதியோரம் ஒரு சைக்கிள் கடை. தகரக் கூரை, வாசலில் ஒரு தண்ணீர்ச் சட்டி, தொங்குகிற பழைய ரயர்கள். கடைக்கார நானா அதிகம் பேசமாட்டார். மார்கழி மாதம், மூன்றாம் தவணைப் பரீட்சை, கணக்குப் பாடம். மழைத் தண்ணீருக்குள் கிடந்த கண்ணாடித் துண்டு என் பின் ரயரை வெட்டிவிட்டது. உருட்டிக்கொண்டு போய் அழுதபடி நின்றேன். அவர் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை வைத்துவிட்டு, ரியூப்பை இழுத்துச் சட்டியில் அமுக்கி, குமிழி வந்த இடத்தை உரசி ஒட்டி, காற்றடித்துத் தந்தார். காசு இருக்கவில்லை. "சோதனையை எழுதுங்க மகள், கணக்கு கொப்பியில கிடக்கட்டும்" என்றார்.

அன்றிலிருந்து எனக்கும் அந்தக் கொப்பியில் ஒரு பக்கம். ஒட்டு, வால்வு ரியூப், பிரேக் கட்டை எல்லாம் எழுதி வைப்பார். அப்பா மாதம் முடிய வந்து தீர்ப்பார். அந்த வீதியால் ரவுணுக்குப் போன எத்தனையோ பிள்ளைகளின் பெயர் அதில் இருந்தது. பிள்ளைகள் எந்த ஊர், எந்த மதம் என்று பிரித்து எழுதிய கொப்பியில்லை.

1990 ஆனியில் சண்டை மூண்டது. ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டு நின்றவர்களைக் கொன்றார்கள். தமிழ்க் கிராமங்களிலும் கொலைகள் நடந்தன. பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஒரே வீதி. ஆனால் அந்த வீதியால் ஒரு பெண்பிள்ளையைத் தனியே சைக்கிளில் அனுப்ப ஒரு தகப்பனுக்கும் துணிவில்லை. என்னோடு வந்த நாலு பேரில் இரண்டு பேரின் படிப்பு அந்த வருடத்தோடு நின்றது. அவர்களின் சைக்கிளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. நான் ரவுணில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தேன். வைகாசி மாதக் கணக்கு தீர்க்கப்படவில்லை.

பல வருடம் கழித்து, 2013இல் புதிய கல்லடிப் பாலம் திறந்த பிறகு, லீவில் வந்தபோது அந்தக் கடையைத் தேடிப் போனேன். அந்த இடத்தில் கைபேசிக் கடை இருந்தது. நானா மவுத்தாகிவிட்டார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். பிள்ளைகள் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. கையில் கொண்டுபோன காசோடு திரும்பி வந்தேன்.

தோழிமாரே, நூற்றாண்டு நிதியில் படுவான்கரைப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுப்பதாக முடிவெடுத்திருக்கிறீர்கள். நல்ல முடிவு. ஆனால் போன கிழமை கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்ப் பார்த்தேன். முன்பு யாரோ கொடுத்த சைக்கிள்கள் வேலியில் சாத்திக் கிடக்கின்றன. ஒன்றுக்கு ரயர் இல்லை, ஒன்றுக்குச் செயின் அறுந்திருக்கிறது. கொடுத்த அன்று எடுத்த படம் மட்டும் சுவரில் நன்றாக இருக்கிறது. அந்தப் பிள்ளை மறுபடி பஸ்ஸுக்கு நிற்கிறாள், அல்லது நிற்பதையும் விட்டுவிட்டாள். தகப்பன் கூலி வேலை செய்கிற வீட்டில் ஒரு ரயர் வாங்குகிற காசு பெரிய காசு.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஐம்பது சைக்கிள் என்று போட்டிருக்கிறீர்கள், நாற்பது வாங்குவோம். மிச்சக் காசில், பிள்ளைகள் வருகிற வீதியிலுள்ள சைக்கிள் கடைகளில், கொக்கட்டிச்சோலையிலும் ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும், சங்கத்தின் பெயரில் ஒவ்வொரு கொப்பி திறப்போம். எங்கள் பிள்ளைகள் வந்தால் ஒட்டிக் கொடுத்து எழுதி வைக்கட்டும். மாதம் முடிய ஒரு பழைய மாணவி போய்த் தீர்த்துவிட்டு வரட்டும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறவர்கள் ஆளுக்கொரு மாதத்தைப் பொறுப்பெடுக்கலாம்.

வைகாசி மாதம் என்னுடையது. காத்தான்குடிக் கடைக்கு நானே போவேன்.