இரண்டாம் தரம் கட்டிய காசு உங்கள் காசு

(திருகோணமலை உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. ஆனாலும் பல்லுக்கும் ஸ்கேனுக்கும் விசேட வைத்தியருக்கும் நம்மவர்கள் தனியாரிடம் போகத்தான் செய்கிறார்கள். அங்கே ஒரே சிகிச்சைக்கு இரண்டு தரம் காசு போவதைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன்.

எப்படிப் போகிறது? மகன் துறைமுகத்தில் வேலையில் இருந்தபடி போனிலேயே சனலிங் காசைக் கட்டிவிடுகிறான். அது தெரியாமல் தாய் கவுண்டரில் மறுபடி கட்டுகிறாள். பல் கட்டுவதற்கு முற்பணம் கொடுத்திருப்போம். கடைசி பில்லில் அதைக் கழிக்க மறந்திருப்பார்கள். கம்பனிக் காப்புறுதி நேரே வைத்தியசாலைக்குக் கட்டியிருக்கும். நாம் வைத்த டிபொசிட்டும் அங்கேயே நின்றுவிடும்.

2024 செப்டெம்பர் வர்த்தமானியில் தேயிலைத் தோட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் 2,700 ரூபா வீணாகப் போனால் இரண்டு நாள் கொழுந்து போனதாகக் கணக்கு.

"கட்டிய காசு திருப்பித் தரப்படாது" என்று துண்டில் அச்சடித்திருக்கிறதே என்று கேட்பீர்கள். நாமே வராமல் விட்ட சனலிங்குக்கு அந்தப் பேச்சைப் பேசலாம். கடன் இல்லாமல் தவறுதலாகக் கொடுத்த காசு வேறு. நம் நாட்டில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டப்படி அதைத் திருப்பிக் கேட்கலாம். இது யாரிடமும் தயவு கேட்பதல்ல.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு பற்றுச்சீட்டையும் போனில் வந்த செய்தியையும் பத்திரப்படுத்துங்கள். திகதி, தொகை, நோயாளியின் பெயர் போட்டு முகாமையாளருக்குக் கடிதம் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். தராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதுங்கள். அழைப்பு இலக்கம் 1977. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும், நாள் கடத்தாதீர்கள். தனியார் வைத்தியசாலைகளும் பல் சிகிச்சை நிலையங்களும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டியவை. அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கும் முறையிடலாம்.

ஒரு நியாயம் நமக்கும் உண்டு. காப்புறுதி நமக்குத் தந்துவிட்ட செலவை வைத்தியசாலையிடமும் வாங்கிக்கொள்ளக் கூடாது. காசு யாருடையதோ அவருக்கே போக வேண்டும். நாம் கேட்பதும் அதைத்தான்.

கடிதம் எழுதத் தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். பற்றுச்சீட்டோடு சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.