காட்டு வழிக்குக் கட்டும் மூட்டை

(திருகோணமலைப் பயணம் புறப்படவிருந்த தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் நாங்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கொழுந்து நிறுத்து, வீட்டு அடுப்பையும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

அடுத்த பயணம் திருகோணமலைக்கு. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், துறைமுகம் எல்லாம் பார்க்கலாம். நம்மில் பலருக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரரும் உண்டு. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டுப்போய் அங்கேயும் வன்னியிலும் குடியேறிய குடும்பங்கள் அவை. சிலர் கதிர்காமப் பாதயாத்திரையில் சேரவும் நினைத்திருக்கிறீர்கள். அந்த யாத்திரை வடக்கிலிருந்து வந்து, திருகோணமலை, மூதூர், வெருகல், மட்டக்களப்பு வழியாக உகந்தை முருகன் கோயிலுக்குப் போய், அங்கிருந்து குமண, யால காடுகளைக் கடந்து கதிர்காமம் சேர்கிறது. இது பஸ்ஸில் உட்கார்ந்து கடக்கிற காடு இல்லை, காலால் நடந்து கடக்கிற காடு.

"காடு நமக்குத் தெரியாதா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. தெரியும். விறகுக்குப் போகிறோம், மாணாப்புல் வெட்டப் போகிறோம். ஆனால் நமக்குத் தெரிந்தது ஈரக் காடு. எட்டி நடந்தால் ஒரு பீலித் தண்ணீர் கிடைக்கும். அட்டையும் குளவியும் மூடுபனியும்தான் நமது தொல்லை. திருகோணமலைக் காடு வரண்ட காடு. அங்கே ஆனியிலும் ஆடியிலும் மைல் கணக்காக நடந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் காணாது. குளத்தில் தண்ணீர் இருந்தால் அங்கே யானையும் இருக்கும்.

அந்தக் காட்டைக் கடக்க என்ன தெரிய வேண்டும், மூட்டையில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒரு உண்மைச் சம்பவத்தை வைத்தே சொல்கிறோம். சம்பவம் தொடங்கிய இடம் திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே உள்ள கொட்டியாரக் குடா. நம் மலைகளில் பிறக்கிற மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடிக் கடலில் விழுவது அங்கேதான். அந்தக் குடாவின் கரையில் உள்ள ஊர் மூதூர்.

1659ஆம் ஆண்டு கடைசியில், ஆன் என்ற ஆங்கிலேயக் கப்பல் புயலில் பாய்மரம் முறிந்து, திருத்த வேலைக்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660 ஏப்ரலில், கண்டியை ஆண்ட இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பற் தலைவரையும் அவர் மகனையும் சேர்த்து 16 பேரைப் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். மகனின் பெயர் றொபட் நொக்ஸ், வயது 19. தகப்பனுக்கும் மகனுக்கும் காய்ச்சல் கண்டது. மறு வருஷம் பெப்ரவரியில் தகப்பன் இறந்துபோனார். நோயோடு கிடந்த மகனே அவரை அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. பிற்பாடு மூதூரில் ஒரு புளியமரத்தை 'வெள்ளைக்காரன் மரம்' என்று காட்டினார்கள். அதன் கீழ் 1893இல் ஒரு நினைவுக் கல்லும் நாட்டப்பட்டது.

நொக்ஸ் 19 வருஷம் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தார். சிறைக்கூடத்தில் அல்ல, கிராமங்களில். தொப்பி பின்னி விற்றார், நெல் கடன் கொடுத்தார், சில்லறைச் சாமான் தூக்கி ஊர் ஊராக வியாபாரம் செய்தார். அந்த வியாபாரத்துக்குள்தான் அவருடைய உண்மையான வேலை ஒளிந்திருந்தது. கூட்டாளி ஸ்டீவன் றட்லண்டும் அவரும் வருஷா வருஷம் வடக்கே இன்னும் கொஞ்சம் தூரம் போய்ப் பாதை படித்தார்கள். எந்த ஊரில் காவல் உண்டு, எந்த ஆறு எங்கே போகிறது என்பதையெல்லாம் ஊர்ச் சனங்களிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டு வைத்துக்கொண்டார்கள். வடக்கே மழை பெய்யாத வருஷங்களில் அவர்கள் காட்டுக்குள் இறங்கத் துணியவில்லை, பொறுத்திருந்தார்கள்.

1679 செப்டெம்பர் 22ஆம் தேதி புறப்பட்டார்கள். அநுராதபுரம் வரை வியாபாரிகளாகவே போனார்கள். அங்கிருந்து இரவில் நழுவி, நாம் அருவி ஆறு என்று சொல்கிற மல்வத்து ஓயாவின் கரையோடு நடந்து, ஒக்டோபர் 18ஆம் தேதி மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை உயிரோடு அடைந்தார்கள்.

இனி அவர்களுடைய மூட்டையை அவிழ்த்துப் பார்ப்போம். 1681இல் இலண்டனில் வெளியான தன் நூலில் நொக்ஸே அதைக் கணக்காக எழுதி வைத்திருக்கிறார். பத்து நாளைக்குச் சாப்பாடு: அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு. சமைக்க ஒரு பாத்திரம். தண்ணீர் மொள்ள இரண்டு சுரைக்குடுக்கை. மழை வந்தால் கீழே படுக்க இரண்டு பெரிய தாளிப்பனை ஓலை. கருப்பட்டியும் இனிப்பும். வெற்றிலையும் புகையிலையும். நெருப்பு உண்டாக்கும் பெட்டி இரண்டு மூன்று. முள்ளுக்குத் தப்பக் காலணி செய்துகொள்ள ஒரு மான்தோல். கையில் நீண்ட தடியில் கட்டிய சிறு கோடரி, இடுப்பில் ஒரு கத்தி. இவ்வளவுதான்.

இதில் மூன்று விஷயத்தை ஊன்றிக் கவனியுங்கள்.

முதலாவது, நெருப்புக்கு ஒன்றுக்கு இரண்டாக வைத்திருந்தார்கள். எது இல்லாவிட்டால் உயிர் போகுமோ அதை ஒன்றாகக் கொண்டுபோகக் கூடாது. இன்றைக்கும் அப்படித்தான். நெருப்புப் பெட்டி இரண்டு, வேறு வேறு பையில், பொலித்தீனில் சுற்றி. தண்ணீர்ப் போத்தல் இரண்டு. டோர்ச் ஒன்று, மாற்றுப் பற்றறி ஒன்று. கைத்தொலைபேசியில் வெளிச்சம் இருக்கிறதே என்று டோர்ச்சை விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெளிச்சத்துக்கே பற்றறி தீர்ந்துபோனால் ஆபத்து நேரத்தில் யாரைக் கூப்பிடுவது?

இரண்டாவது, கால். கடவுளுக்கு அடுத்தபடி தங்கள் கால்களைத்தான் நம்பினார்கள், அதற்காகவே மான்தோலைத் தூக்கிப் போனார்கள். நம் ஆட்கள் பயணத்துக்கென்று புதுச் செருப்பு வாங்கி, முதல் நாளே கொப்புளத்தோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். பழகிய சப்பாத்தைப் போடுங்கள். நேர்த்திக்கு வெறுங்காலோடு நடப்பவர்களும் காட்டுப் பகுதிக்கென்று ஒரு சோடியை மூட்டையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, படுக்க ஒரு மறைப்பு. தாளிப்பனை ஓலைக்கு இனி நாம் எங்கே போவது? மலைக்கு இடுப்பில் கட்டிப்போகிற படங்கு இருக்கிறதே, அதுவே போதும். நாலு மூலையிலும் கயிறு கட்டினால் கூரை, கீழே விரித்தால் பாய். கத்தியும் கயிறும் நமக்குப் புதுசு இல்லை. ஆக, நல்ல மூட்டைக்கு வேண்டிய சாமானில் பாதி நம் லயத்திலேயே இருக்கிறது. கடைக்காரன் காட்டுகிற விலை கூடின சாமானுக்குக் கடன்பட வேண்டாம்.

நொக்ஸ் நமக்கு விட்டுப்போன இன்னொரு பாடமும் உண்டு. ஒரு இரவு பாதையில் யானை நின்றது. சத்தம் போட்டுப் பார்த்தார்கள், அது அசையவில்லை. வீரம் காட்டவில்லை. நெருப்பு மூட்டி, புகையிலை பிடித்துக்கொண்டு, விடியும் வரை காத்திருந்தார்கள். 19 வருஷம் காத்தவனுக்கு ஒரு இரவு பெரிதா? யானைக்கு வழிவிடுவது வெட்கம் இல்லை. ஆனால் வரட்சிக் காலத்தில் காட்டுக்குள் நெருப்பு மூட்டி, அந்தக் காட்டையே எரித்துவிட வேண்டாம். விலகி, வந்த வழியே திரும்பிப் போங்கள். குட்டியோடு நிற்பதை நெருங்கவே கூடாது. பொழுது சாய்கிற நேரத்தில் குளக்கரைக்குப் போகாதீர்கள். ஆற்று முகத்தில் முதலையும் உண்டு, கண்ட இடத்தில் குளிக்க இறங்காதீர்கள்.

ஒன்றை மட்டும் நொக்ஸைப் பார்த்துச் செய்யக் கூடாது. அவர் ஆற்றோடு நடந்து கடலை அடைந்தார். அது சமதரை. நம் மலையில் வழி தவறியவர் ஓடையோடு இறங்கினால் அது நீர்வீழ்ச்சியின் விளிம்பில் கொண்டுபோய் விடும். இங்கே வழி தவறினால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். பளிச்சென்ற நிறத் துணி ஒன்றை உயரக் கட்டுங்கள். மூன்று மூன்றாக விசில் ஊதுங்கள். தேடி வருகிறவருக்கு அசையாத ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். இதை விறகுக்குப் போகிற பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

இப்போது நம் சொந்தக் கதைக்கு வருவோம். நொக்ஸ் மலையிலிருந்து மன்னார்க் கரைக்குத் தப்பிப் போன அந்தக் காட்டுப் பிரதேசத்துக்குள்தான், சுமார் 150 வருஷத்துக்குப் பிறகு, நம் பாட்டன் பூட்டன்மார் எதிர்த்திசையில் நடந்து வந்தார்கள். கோப்பித் தோட்டக் காலம் அது. இந்தியக் கரையிலிருந்து தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் நடை. தலைமன்னாருக்கு ரயில் பாதை வந்தது 1914இல்தான். கையில் குழந்தை, தலையில் மூட்டை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் தாகத்திலும் வழியிலேயே விழுந்து இறந்தவர்கள் ஏராளம். நடக்க முடியாதவர்களைப் பாதை ஓரத்தில் விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்ததும் உண்டு.

அவர்களுக்குத் துணிவு குறைவா? இல்லை. உழைப்பாளிகள் இல்லையா? அதுவும் இல்லை. நொக்ஸ் தன் நேரத்தைத் தானே தெரிந்தெடுத்தார். மழைக்காகப் பொறுத்தார், பாதையைப் படித்தார், பத்து நாள் சாப்பாட்டைக் கட்டினார். நம் முன்னோருக்கு அந்தத் தெரிவு எதுவும் கொடுபடவில்லை. தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது நடத்திக் கொண்டுவரப்பட்டார்கள், வழியில் கிடைத்த தண்ணீரைக் குடித்தார்கள். காடு கொன்றதென்று சொல்வது பாதி உண்மைதான். ஆயத்தம் இல்லாமல் அனுப்பியதே அவர்களைக் கொன்றது. ஆகவே காட்டுக்குள் ஆளை அனுப்புகிறவர், அது யாத்திரைக் குழுத் தலைவரோ, வேலை வாங்குகிறவரோ, விறகுக்குப் பிள்ளையை அனுப்புகிற நாமோ, "மூட்டையில் என்ன இருக்கு?" என்று கேட்காமல் அனுப்பக் கூடாது. போகிறவரும் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கக் கூச்சப்படக் கூடாது.

அந்த நாளில் உயிரைக் குடித்ததற்கு இந்த நாளில் மருந்து நம் கையில் இருக்கிறது. குளத்துத் தண்ணீரைத் துணியில் வடித்து, நன்றாகக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். வெயிலில் நடக்கிற ஒருவருக்கு நாளைக்கு மூன்று நாலு லீற்றர் வேண்டும். வயிற்றோட்டம் கண்டால் ஜீவனி. அது இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி அளந்து கரைத்துக் கொடுங்கள்.

பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். பாம்பைத் துரத்தி அடிக்கவும் ஓட வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ தடி வைத்து அசையாமல் கட்டுங்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் தூக்கி, நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு கேட்க மாட்டார்கள்.

கிழக்கிலும் வடக்கிலும் இன்னொரு எச்சரிக்கை. 2009இல் போர் முடிந்தாலும் அது விட்டுப்போன வெடிபொருட்கள் மண்ணுக்குள் கிடக்கலாம். மண்டையோட்டுப் படம் போட்ட பலகையைக் கண்டால் ஒரு அடிகூட உள்ளே வைக்காதீர்கள். இரும்புத் துண்டு எதையும் பிள்ளைகள் பொறுக்கக் கூடாது.

கடைசியாக, மூட்டையில் வைக்க முடியாத ஒன்று. புறப்படும்போது எங்கே போகிறோம், யாரோடு போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை லயத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்தில் வராவிட்டால் தேட ஆள் கிளம்பும். பாதை ஓரத்தில் விடப்பட்ட நம் முன்னோரைத் தேட ஒருவரும் வரவில்லை. அந்த நிலை இனி நம்மில் ஒருவருக்கும் வரக் கூடாது.

நல்லபடியாகப் போய், நல்லபடியாகத் திரும்பி வாருங்கள். வணக்கம்.